பாத்ரூம் ஸ்டாப்பில் பஸ் நிற்காது

ஜூன் 9, 2025, திங்கள்
ரெண்டாம் வகுப்பு டீச்சர் ஒரு பையனைப் பள்ளி ஆலோசகரான என்னிடம் கையோடு கூட்டிவந்து, “தினமும் பதினோரு மணியானா வயிறு வலிக்குதுங்கிறான், கொஞ்சம் அட்வைஸ் பண்ணி அனுப்புங்க மிஸ்” என்று விட்டுவிட்டுப் போனார். ஏழு வயசுப் பிள்ளைக்கு என்னத்தை அட்வைஸ் பண்ண? பாயை விரித்து கிரயானைப் போட்டேன். பஸ் வரைந்தான். நான் கண்டக்டராகி “பெரியார், சிம்மக்கல், கோரிப்பாளையம்” என்று கூவவும் சிரித்துவிட்டான். வயிற்றைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்
மேலூர்ப் பக்கமிருந்து அப்பத்தா வந்தார். “டாக்டர்ட்டயும் காமிச்சாச்சு, தொக்கமும் எடுத்தாச்சும்மா. லீவு நாள்ல வலிக்கவே மாட்டேங்குது, நடிக்கிறான்.” நடிப்பில்லை அப்பத்தா, பயமோ கவலையோ இருந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு அது நிஜ வலியாகவே வரும் என்றேன். பாதிதான் நம்பினார்.

ஜூன் 12, வியாழன்
மறுபடி பஸ் விளையாட்டு, இந்தத் தடவை ஸ்டாப்பெல்லாம் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே. கிரவுண்டு, சத்துணவுக்கூடம் எல்லாம் வந்தது, “பாத்ரூம் ஸ்டாப்ல மட்டும் நிக்காது” என்றான். ஏனாம்? கதவுக்குக் கொண்டி இல்லையாம், அஞ்சாப்பு அண்ணன்கள் தள்ளிவிட்டுச் சிரிக்கிறார்களாம். ஆக, காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், வலிக்காமல் என்ன செய்யும்? போய்ப் பார்த்தேன், ஸ்க்ரூ இருந்த ஓட்டைதான் மிச்சம்.

“யார்ட்டயும் சொல்லாதீங்க மிஸ்” என்றான். அந்தச் சத்தியத்தை எந்தப் பிள்ளைக்கும் செய்வதில்லை. பாலியல் தொந்தரவு என்று தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி புகார் சொல்லியே ஆகவேண்டும். இது அந்த மாதிரி இல்லை, ஆனாலும் யார் யாரிடம் சொல்லப்போகிறேன் என்று அவனிடம் முதலில் சொல்லிவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி
ஹெச்.எம். உடனே தாழ்ப்பாள் போடச் சொன்னார், நல்ல மனுஷர். அஞ்சாப்புப் பையன்களை “ரெண்டு சாத்து சாத்துங்க” என்றார் ஒரு சார். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிக்கக் கூடாது என்கிறது, அது கிடக்கட்டும், அடித்தால் அந்தக் கோபம் யார் தலையில் விடியும்? நானே கூப்பிட்டுப் பேசினேன். அதில் ஒருவனுக்கும் சின்ன வயசில் இதையே செய்திருக்கிறார்கள். இனி இன்டர்வெலில் ஆயாம்மா அங்கே நிற்பார்.

ஜூன் 20, வெள்ளி
வலி குறைந்திருக்கிறது, நேற்று மட்டும் ஒரு தடவை. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 பிள்ளைகளுக்கு ஓர் ஆலோசகர் என்கிறது. இங்கே ரெண்டு கட்டடத்துக்கும் நான் ஒருத்தி. ஒன்றாம் வகுப்பில் ஒரு பாப்பா வீட்டில் வாய் ஓயாதாம், வகுப்பில் ஒரு சொல் பேசுவதில்லை. “உள்ளேன் மிஸ்” சொல்லச்சொல்லி அவளை எழுப்பி நிறுத்தாதீர்கள் என்று திங்கட்கிழமை டீச்சரிடம் பேசவேண்டும்.