சைக்கிள்ல இருந்து எறங்கணுமாம்

தங்கச்சி மகன் லீவுக்கு வந்திருக்கான். மச்சானுக்கு வேலை மாத்தலாகி மூணு வருஷமா டெக்சாஸ்ல இருக்காங்க, பையனுக்கு 16 வயசு, அங்கயே ஹைஸ்கூல். பெஸ்தாரி ஜெயாவுக்கு (மலேசியா, சிலாங்கூர்ல எங்க ஊரு, எங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான், போர்டு மாத்துனா வாய் மாறிடுமா) வந்து எறங்குன மொத நாளே வைஃபை பாஸ்வேர்டு கேட்டான், கேமுக்குன்னு நெனச்சேன், பாத்தா ஹிஸ்டரி அசைன்மெண்டாம். 1950லருந்து 1975க்குள்ள அமெரிக்காவுல நடந்த ஏதாவது ஒரு போராட்டத்த எடுத்துக்கணும், அது ஏன் ஆரம்பிச்சது, அந்த நேரத்துப் போர் அத எப்படித் தொட்டுச்சு, கடைசில எந்தச் சட்டம் மாறுச்சு, இதான் கேள்வி. நல்ல கேள்வி. எங்க காலத்து செஜாரா (வரலாறு) பேப்பர்ல இப்படி ஒண்ணு கேட்டிருந்தா நானும் தூங்காம படிச்சிருப்பேன்.

குத்துச்சண்டை முகமது அலிய எடுடான்னேன். 1967ல வியட்னாம் போருக்கு வரமாட்டேன்னு சொல்லி, பட்டத்தப் பறிகுடுத்து, மூணு வருஷத்துக்கு மேல மேடையே ஏற விடாம, 1971ல சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்ச மனுஷன், அதுக்கப்பறம் 1975ல நம்ம மெர்டேக்கா ஸ்டேடியத்துலயே வந்து ஜோ பக்னர் கூட 15 ரவுண்டு ஆடுனாரு, எங்கப்பா சாகுற வரைக்கும் அத சொல்லிட்டே இருந்தாரு. "கிளாஸ்ல மூணு பேர் எடுத்தாச்சு மாமா." சரி, வெள்ளக்காரனுக்கு எந்திரிச்சு எடம் விட மாட்டோம்னு கறுப்பினத்தவங்க பஸ்லயே ஏறாம நின்ன மாண்ட்கமெரி பஸ் பாய்காட்டு? அதுவும் போச்சாம். 1970 மே 4, கெண்ட் ஸ்டேட் யூனிவர்சிட்டில போர எதுத்து நின்ன மாணவர்கள நேஷனல் கார்டு படை 13 செகண்ட் சுட்டதுல நாலு பேர் செத்தாங்களே, அது? அத டீச்சரே நடத்திட்டாராம். மிச்சம் இருந்தது டெலானோ திராட்சைத் தோட்ட ஸ்ட்ரைக். புஸ்தகத்துல அரைப் பத்தியும் ஒரு சின்ன போட்டோவும்தான்.

தோட்டம்னு காதுல விழுந்ததும் அஞ்சடில (வாசத் திண்ணைல) வெத்தல இடிச்சிட்டிருந்த எங்கம்மா உள்ள வந்து உக்காந்துட்டாங்க. 84 வயசு. 12 வயசுல ரப்பர் பால் வெட்டுற உளிய கையில எடுத்தவங்க, ரப்பர் மரத்த அழிச்சு செம்பனை போட்டப்பறமும் உதிரிப் பழம் பொறுக்குனவங்க. அவங்களுக்கு அமெரிக்கான்னா பேரன் இருக்குற ஊரு, அவ்வளவுதான்.

கதை இப்படி. கலிபோர்னியாவுல டெலானோன்னு ஒரு ஊரு, சுத்தி எங்க பாத்தாலும் திராட்சை. 1965 செப்டம்பர் 8ந் தேதி பிலிப்பினோ ஆளுங்க வேலைக்குப் போகாம நின்னுட்டாங்க. தலைவரு லாரி இட்லியாங். மணிக்கு 1 டாலர் 40 சென்ட், பெட்டிக்கு 25 சென்ட், அதான் கேட்டாங்க. அதே வருஷம் அதே கலிபோர்னியாவுல கொவாச்செல்லா பக்கம் அந்த 1.40 கெடச்சிருந்துச்சு, அதே பழம், டெலானோவுல மட்டும் ஏன் கம்மின்னு கேக்குறது நியாயம்தானே. இதுல ஒரு விஷயம், அந்தப் பிலிப்பினோ ஆளுங்க முக்காவாசிப் பேரு கெழவனுங்க, கல்யாணம் ஆகாதவங்க. 1920, 30கள்ல சின்னப் பசங்களா வந்தவங்க, அவங்க ஊரு பொம்பளைங்க அங்க ரொம்பக் கம்மி, வெள்ளக்காரப் பொண்ணக் கட்டுனா கலிபோர்னியாவுல 1948 வரைக்கும் அது செல்லாது. தோட்டத்துக் கேம்ப்லயே வாழ்ந்து கேம்ப்லயே மூத்துப் போனவங்க. வேலை நின்னதும் அந்தக் கேம்ப விட்டும் தொரத்திட்டாங்க.

மொதலாளிங்க வழக்கமா என்ன செய்வாங்கன்னா, பிலிப்பினோக்காரன் ஸ்ட்ரைக் பண்ணா மெக்சிகோக்காரன எறக்குவாங்க, மெக்சிகோக்காரன் நின்னா பிலிப்பினோவ எறக்குவாங்க. இது தெரிஞ்சுதான் இட்லியாங், சீசர் சாவெஸ், டொலோரஸ் வெர்த்தா நடத்துன மெக்சிகோக்காரங்க சங்கத்துக்கிட்ட போயி நீங்களும் வாங்கன்னு கேட்டாரு. செப்டம்பர் 16, மெக்சிகோ சுதந்திர தினம், சர்ச் ஹால்ல கூட்டம் போட்டு சேந்துடுவோம்னு முடிவு பண்ணாங்க. இங்க நான் கொஞ்சம் வயிறெரிஞ்சு சொல்லணும், இன்னைக்கு எங்க பாத்தாலும் சாவெஸ் பேருதான், மொத வாரம் முழுக்க தனியா நின்ன பிலிப்பினோக் கெழவனுங்க பேரு போட்டோக்குக் கீழகூட இல்ல. இட்லியாங் 1971ல சங்கத்த விட்டே வெலகிட்டாரு.

இத தமிழ்ல சொல்லி முடிச்சேன், அம்மா வெத்தலைய ஒதுக்கிட்டு கேட்டாங்க, "சீனனுக்கு ஒரு சம்பளம் நமக்கு ஒரு சம்பளம்னு இருந்துச்சே, அது மாதிரியா?"

பையன் என்னையப் பாக்குறான். அப்பறம்தான் கிள்ளான் கதையச் சொன்னேன். 1941, கிள்ளான் சுத்துவட்டாரத் தோட்டங்கள்ல நம்மாளுங்க செஞ்ச ஸ்ட்ரைக். ஆர்.எச்.நாதன் முன்ன நின்னாரு. சீனத் தொழிலாளிக்குக் குடுக்குற சம்பளத்த எங்களுக்கும் குடுன்னாங்க, தோட்டத்துல கள்ளுக்கடைய மூடுன்னாங்க, அதோட இன்னொண்ணு, தொரையோ கிராணியோ (தோட்டத்துக் கணக்கரு) எதுக்க வந்தா சைக்கிள்ல இருந்து எறங்கி நிக்கணும்ங்கிற வழக்கத்த நிறுத்துன்னாங்க. மே மாசம் நாதனைப் புடிச்சு இந்தியாவுக்கு நாடு கடத்துனாங்க, சிலாங்கூர்ல அவசரகாலம் போட்டு பட்டாளத்த எறக்குனாங்க, அஞ்சு பேர் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. பிரிட்டிஷ்காரனுக்கு அப்ப போரு, ரப்பர் நிக்கக்கூடாது. டிசம்பர்ல ஜப்பான்காரன் கோத்தா பாருல எறங்குனப்ப அந்தத் தொரைமாரு ஓடுன ஓட்டம் தனிக் கதை.

"சைக்கிளா?" பையனுக்கு சம்பளம் கூட மண்டையில ஏறல, சைக்கிள்தான் ஏறுச்சு. "எறங்கலன்னா என்ன பண்ணுவாங்க பாட்டி?" அம்மா அவங்கப்பா சொன்னதச் சொன்னாங்க, அறை விழுமாம், இல்ல மறுநாள் காலைல ஆளெண்ணுற பெரட்டுல பேரக் கூப்பிட மாட்டாங்களாம். பேரக் கூப்பிடலன்னா அன்னைக்குக் கூலி இல்ல. மாண்ட்கமெரி பஸ்ல எந்திரிச்சு எடம் குடுக்கணும்ங்கறதும் இதும் ஒண்ணுதானேன்னு அவனாவே சொன்னான். நான் சொல்லிக் குடுக்கல.

இப்ப போர் பக்கம். அதே 1965 மார்ச்லதான் அமெரிக்க மரைன்ஸ் வியட்னாம்ல டனாங்ல எறங்குனாங்க. காசு உள்ள வீட்டுப் பையன் காலேஜ்ல சேந்து, பட்டாளத்துக்குக் கட்டாயமா ஆள் எடுக்குறதத் தள்ளிப் போட்டான், தோட்டத்து வீட்டுப் பையன் போனான். ஸ்ட்ரைக்ல மட்டும் மொதலாளி அசையலன்னதும் சங்கம் ஊர் ஊராப் போயி திராட்சை வாங்காதீங்கன்னு மக்கள்கிட்ட கேட்டுச்சு, கனடா வரைக்கும் கடைங்கள்ல அடுக்குன பழம் அப்படியே நின்னுச்சு. அப்ப யாரு வாங்குனாங்க தெரியுமா? அமெரிக்க ராணுவம். வியட்னாம்ல இருக்குற சோல்ஜருங்களுக்குன்னு பல மடங்கு கூட வாங்கிக் கப்பல்ல ஏத்துனாங்க. அப்பன் டெலானோவுல வெட்ட மாட்டேன்னு நிக்கிறான், அந்தப் பழம் மகன் கையில அங்க போய்ச் சேருது. இந்த ஒரு வரிய எழுதுனாலே ரெண்டாவது கேள்விக்கு ஃபுல் மார்க்குன்னு சொன்னேன், "அங்க அப்படில்லாம் மார்க் போட மாட்டாங்க மாமா"ன்னான்.

1966ல டெலானோவுலருந்து சாக்ரமெண்டோ வரைக்கும் 25 நாள் நடந்தாங்க. 1970 ஜூலை 29, பெரிய மொதலாளிங்க வந்து ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. அஞ்சு வருஷம்.

சட்டம்னு பாத்தா அதுக்கும் முன்ன போகணும். 1935ல ரூஸ்வெல்ட் காலத்துல தொழிலாளிங்க சங்கம் வைக்கலாம், மொதலாளி பேசியே ஆகணும்னு பெரிய சட்டம் ஒண்ணு வந்துச்சு, புஸ்தகத்துல அதுக்கு முழுப் பக்கம். ஆனா தோட்ட வேலைக்காரனும் வீட்டு வேலைக்காரியும் அதுல சேத்தி இல்லன்னு அதுலயே எழுதி வச்சிட்டாங்க. அமெரிக்காவோட தெக்குப் பக்கம் அந்த ரெண்டு வேலையிலயும் பெரும்பாலும் கறுப்பினத்தவங்க. கலிபோர்னியா தோட்டத்தொழிலாளிக்கு அந்த உரிமை சட்டமா வந்தது 1975ல, அந்த ஒரு மாநிலத்துக்கு மட்டும். சீர்திருத்தம்னு தலைப்பு போட்டா யாரெல்லாம் வெளிய நின்னாங்கன்னும் எழுதுடான்னு நான் அடிச்சுச் சொன்னது இதனாலதான்.

அதே 1975ல இன்னொண்ணு நின்னுச்சு, கட்டை மம்பட்டி. திராட்சைக்கு இல்ல, கீரை, பீட்ரூட் தோட்டங்கள்ல. ரொம்பக் குட்டையான பிடி, நாள் முழுக்க வளைஞ்சேதான் கொத்தணும். நீளப் பிடி வச்சா என்ன? நிமிந்து நிக்கிறவன் வேலை செய்யலன்னு தூரத்துலருந்தே மேஸ்திரிக்குத் தெரிஞ்சிடும், அதுக்குத்தான். அம்மா இதக் கேட்டதும் ஒண்ணும் சொல்லல, கையத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டாங்க. பால் வெட்டும்போது மரத்தோட கீழ் வெட்டுக்குக் குனிஞ்ச இடுப்பு அது.

நடுவுல பையன் ஓட்டு வயசப் பத்தி ஒரு பத்தி சேத்தான், போருக்கு அனுப்ப 18 போதும்னா ஓட்டுக்கும் 18 போதும்னு அங்க 1971ல மாத்துனது. நம்ம ஊர்ல பார்லிமெண்ட் அத 2019ல பாஸ் பண்ணி, 2021 டிசம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு. நம்மகிட்ட போர் எதுவும் தேவப்படல, அது வரைக்கும் சந்தோஷம்.

பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தைல) அப்பம் பாலிக் வாங்கிட்டு வந்தா, ரெண்டு பேரும் லேப்டாப் முன்னாடி. அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க, "அந்தக் கல்யாணமாகாத கெழவனுங்க வேலை நின்னதும் எங்க போனானுங்க? கேம்ப விட்டுத் தொரத்திட்டாங்கன்னியே." எங்களுக்கும் வேலை முடிஞ்சதும் லயத்துச் (தோட்டத்து வரிசை வீட்டு) சாவியக் குடுன்னு கடுதாசி வந்துச்சு, அதான் கேக்குறாங்க. பையன் தேடி எடுத்தான். 1974ல டெலானோவுலயே சங்கத்தோட எடத்துல, ஊர் பூரா ஆளுங்க வந்து கட்டிக் குடுத்து, வயசான பிலிப்பினோத் தொழிலாளிங்களுக்கு ஒரு குடியிருப்பு, மறியல்ல நின்னப்ப செத்துப்போன பாவ்லோ அக்பயானி பேருல. ஆளுக்கு ஒரு ரூமு, எல்லாருக்கும் பொதுவா ஒரு சமையல்கட்டு. போட்டோவப் பெருசு பண்ணிக் காட்டுனான்.

அம்மா கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க.

"ஓடு போட்டிருக்கானே. நம்மளுக்கு தகரம்."

அப்பம் ஆறிப்போச்சு. பையன் அத அசைன்மெண்ட்ல எழுதலாமான்னு கேட்டான், எழுதுடான்னேன், பாட்டி சொன்னதுன்னு போடு.