கொடை நோட்டீஸில் பெயர் இருந்தால் கூட்டாளியா?

"குற்றம் சாட்டப்பட்டவருக்கு நெருக்கமானவர்" என்று ஓர் அரசியல் செய்தி சொன்னால், அந்த நெருக்கத்துக்கு என்ன ஆதாரம் என்று செய்திக்குள்ளேயே தேடுங்கள். பல நேரம் கிடைப்பது ஒரு போட்டோ.

போட்டோ எப்படி அமைகிறது என்பது நெல்லைச் சீமைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் கொடை, அதாவது திருவிழா, நோட்டீஸில் கவுன்சிலர் முதல் எம்எல்ஏ வரை பெயர் வரும். எல்லாரையும் கேட்டுவிட்டா போடுகிறார்கள்? பிளெக்ஸில் யார் முகம் வரவேண்டும் என்பதைக் காசு கொடுப்பவர் முடிவு செய்கிறார். சொக்காரன் (பங்காளி) வீட்டுக் கல்யாணம் என்றால் எதிரெதிர்க் கட்சிக்காரர்களும் ஒரே பந்தியில்தான் உட்காருவார்கள். அன்றைக்கு இருவரும் ஓரிடத்தில் இருந்தார்கள் என்பதற்கு மேல் படம் எதையும் காட்டாது. எடுத்த தேதியையும் பாருங்கள். குற்றம் வெளியே தெரிவதற்கு முன் எடுத்த படமென்றால் அதுகூடப் பயன்படாது.

பணம் கைமாறியது, பதவி கொடுத்தது, கையெழுத்துப் போட்டது, உத்தரவிட்டது: இவைதான் கணக்கில் வரும் தொடர்புகள். இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் சதிக்குற்றம் பற்றிய 61ஆம் பிரிவும் கேட்பது உடன்பாட்டைத்தான், அறிமுகத்தை அல்ல.

1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை, ஒவ்வொன்றும் 20 ஆண்டு, விதித்தார். ஒன்று ராஜத்துரோகத்துக்கு, இன்னொன்று சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு. சிவாவுக்கே 10 ஆண்டுதான். அவருக்கு உடந்தை என்பதற்கு மட்டும் 20 ஆண்டு! மேல்முறையீட்டில் வ.உ.சி.யின் தண்டனை குறைந்தது. ஆனாலும் சேர்க்கையைக் குற்றமாக எடைபோடத் தொடங்கினால் தராசு எவ்வளவு சாயும் என்பதற்கு இந்த ஊரிலேயே இப்படியொரு தீர்ப்பு இருக்கிறது.

பத்திரிகையின் சார்பை அளக்கும்போது நாமும் இதே தப்பைச் செய்கிறோம். "முதலாளி இன்ன கட்சி, அப்போ செய்தி பொய்" என்பதும் சேர்க்கையை வைத்துச் சொல்லும் தீர்ப்புதான். முதலாளி யார் என்பது சரிபார்க்கக் காரணம், அவ்வளவே.

சரிபார்க்க ஒரே சம்பவத்தை மூன்று பத்திரிகைகளில் எடுங்கள். தலைப்பில் யார் பெயர், குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலுக்கு எத்தனை வரி, அது எத்தனையாவது பத்தியில் என்று எண்ணுங்கள். "கூறப்படுகிறது", "தெரிகிறது" வரும் இடங்களில் கூறியவர் யார் என்று கேட்டுக் கோடிடுங்கள். பிறகு கட்சிப் பெயரை மட்டும் மாற்றி வாசியுங்கள். நமக்குப் பிடித்த கட்சியைப் போட்டதும் கோபம் வந்தால், சாய்வு செய்தியில் மட்டுமல்ல, நம்மிடமும் இருக்கலாம். ஒரு நாளை வைத்து முடிவு கட்டக்கூடாது. அவசரத்தில் ஒரு தரப்புக்குப் போன் கிடைக்காமல் போயிருக்கும். குறைந்தது இரண்டு வாரம் பார்க்க வேண்டும்.

நான் அதிகம் நம்பும் சோதனைக்கு இன்னும் காலம் பிடிக்கும். எஃப்ஐஆரில் பெயர் வந்த அன்று செய்தி எந்தப் பக்கத்தில், எத்தனை பத்தியில் வந்தது என்று குறித்து வையுங்கள். குற்றப்பத்திரிகையில் அந்தப் பெயர் விடுபட்டாலோ, கோர்ட் விடுதலை செய்தாலோ, அதே பத்திரிகை அதை எந்தப் பக்கத்தில் போட்டது என்று பாருங்கள்.