அவள் பட்டினி இருக்கும் நாட்கள்

மாசிக் கடைசி ஞாயிறு. சமயபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பூ வாசனை வந்துவிட்டது. கோயில் தெரு முழுக்க மஞ்சள் புடவைகள். தலையில் பூத்தட்டுடன் ஊர் ஊராக வந்துகொண்டே இருந்தார்கள். நானும் அத்தையும் நடுவில் என் மகளை நிறுத்தி, கையைப் பிடித்தபடி வரிசையில் நகர்ந்தோம். போன பங்குனியில் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. அதற்கு நேர்ந்துகொண்ட பூ இது.

பூச்சொரிதல் அன்று தொடங்கி 28 நாட்கள் சமயபுரத்தாள் பச்சைப் பட்டினி இருக்கிறாள். பிள்ளைகளுக்கு நோய்நொடி வரக்கூடாது என்று தாயே இருக்கும் விரதம். சமைத்த நைவேத்தியம் எதுவும் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு, அவ்வளவுதான்.

வரிசையில் நின்றபோது, அது அப்படியே அம்மை போட்ட வீட்டின் சாப்பாடு என்று எனக்குத் தோன்றியது. எங்கள் வீட்டிலும் அந்த நாட்களில் தாளிப்பு இல்லை, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. மோரும் இளநீரும் கூழும்தான். வாசலில் வேப்பிலை செருகியதுமே தெருவுக்குச் செய்தி போய்விட்டது. யாரும் உள்ளே வரவில்லை. ஆனால் தினமும் காலையில் திண்ணையில் யாராவது இளநீர் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். "நோய்" என்ற சொல்லை அத்தை வீட்டுக்குள் விடவே இல்லை. "ஆத்தா வந்திருக்கிறாள், பார்த்துப் பேசு" என்பார். கொப்புளம் என்று நான் சொன்னால் "முத்து" என்று திருத்துவார். டாக்டர் சொன்ன மருந்தையும் வேளை தவறாமல் கொடுத்தார். அரிப்புக்கு வேப்பங்கொழுந்தால் வருடிவிட்டார். முத்து இறங்கியபின், வெயிலில் வைத்த மஞ்சள் வேப்பிலைத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார். மகளை ஒதுக்கித்தான் வைத்திருந்தோம். ஆனால் ஒதுக்கப்பட்டதாக அவள் ஒரு நாளும் உணரவில்லை. பாயில் கிடந்தவளை வீடே அம்மனாகப் பார்த்தது.

வேப்பிலையால் பெரியம்மை ஒழிந்தது என்று நான் சொல்லமாட்டேன். அதை ஒழித்தது தடுப்பூசியும், வீடு வீடாக ஏறி இறங்கிய சுகாதார ஊழியர்களின் கால்களும். இந்தியாவில் கடைசியாக அது கண்டது 1975இல். உலகை விட்டே போய்விட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980இல். அத்தையின் புஜத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. "அம்மை குத்த ஆள் வருகிறது என்றால் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று பயம். அப்பாதான் இழுத்து வந்து கையை நீட்டச் சொன்னார்" என்றார் வரிசையில். அவர் அப்பா வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டவர்.

2020இல் எங்கள் வீட்டின் அதே தெருவில்தான் மாமாவுக்குக் கொரோனா வந்தது. வாசலில் வேப்பிலைக்குப் பதில் தகரம் அடித்தார்கள். எதிர்வீட்டு ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. திண்ணையில் எதுவும் வரவில்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லை. அந்த ஏப்ரலில்தான் சென்னையில் தொற்றால் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்தார்கள். எல்லோர் நெஞ்சிலும் பயம். ஆனால் நோயாளியிடமிருந்து விலகி நிற்பதோடு அவரை மதிக்கவும் தெரிந்திருந்த ஊர் நாம். அந்தச் சில மாதங்களில் விலகலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எப்படி மறந்தோம் என்பது இன்றும் என்னை அறுக்கிறது. மாமா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. முகத்தைக்கூட அத்தை பார்க்கவில்லை.

சன்னதிக்கு வந்துவிட்டோம். பெரிய திருமேனி, சிவந்த முகம், கழுத்து தெரியாமல் பூ. மகள் தட்டை நீட்டினாள். மூன்று நொடிகூட நிற்க விடவில்லை. எனக்கு அது போதும்.

வெளியே வந்ததும் அத்தை இடுப்பிலிருந்து இரண்டு மஞ்சள் துணி முடிச்சுகளை எடுத்தார். ஒன்று பேத்திக்கு முடிந்த காசு. இன்னொன்றின் மஞ்சள் வெளுத்துப் போயிருந்தது. மாமாவுக்காக அந்த ஆடியில் முடிந்தது. அப்போது கோயிலும் பூட்டிக் கிடந்தது.

"அவர்தான் இல்லையே, அத்தை" என்றேன்.

"முடிந்தது அவளுக்குத்தானே" என்றபடி இரண்டையும் உண்டியலில் போட்டார்.