பழைய சி-மவுன்ட் லென்ஸ்கள்: பட வட்டத்தை நானே அளந்து பார்த்தேன்

மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருந்த வேலை நேற்று பாதி முடிந்தது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய மூன்று பழைய சி-மவுன்ட் (1 அங்குல மரையில் திருகிப் பொருத்தும் வகை) லென்ஸ்களில் எது என் பானசோனிக் ஜிஎக்ஸ்7 கேமராவின் சென்சாரை முழுசாக மூடும் என்று இப்போது உறுதியாகத் தெரியும். 50 மி.மீ. மட்டும்தான். ஆனால் லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் அடாப்டரில் அது உட்கார மறுக்கிறது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

25 மி.மீ. எஃப் 1.4 லென்ஸில், எந்த அளவு சென்சாருக்கு என்பதைக் காட்ட, 1 அங்குலம் என்று பொறித்திருந்தது. மற்ற இரண்டிலும், அதாவது 16 மி.மீ., 50 மி.மீ. இரண்டிலும், 2/3 அங்குலம். "ஒரு இன்ச்சுன்னா 25 மில்லி சார், தாராளமா மூடும்" என்றார் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குக் கோபமெல்லாம் அந்தப் பெயர் மேல்தான். பழைய டிவி கேமராவில் சென்சாரின் இடத்தில் இருந்த விடிகான் குழாய்க்கு வெளிக் கண்ணாடி விட்டம் 1 அங்குலம். அதற்குள் படம் விழும் இடத்தின் மூலைவிட்டம் சுமார் 16 மி.மீ.தான். குழாய் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அதனால்தான் இன்றைய 1 அங்குல சென்சார் 13.2 x 8.8 மி.மீ., 2/3 அங்குலத்தின் மூலைவிட்டம் 11 மி.மீ. என் ஜிஎக்ஸ்7 சென்சார் வகைக்கு இருக்கும் ஃபோர் தேர்ட்ஸ் என்ற பெயரும் இதே வழியில் வந்ததுதான்: 4/3 அங்குலம், ஆனால் மூலைவிட்டம் 21.6 மி.மீ. அரை அங்குலத்துக்குக் கீழே போனால் அங்குலத்துக்கு 16 மி.மீ.க்குப் பதில் 18 மி.மீ. என்று வைத்தால்தான் கணக்கு ஒத்துவருகிறது. மூலைவிட்டத்தை மில்லிமீட்டரில் எழுதிவிட்டால் யாருக்கும் குழப்பமே வராது.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் வாங்கினேன் என்றால், லென்ஸில் போட்டிருக்கும் அளவு குறைந்தபட்ச உத்தரவாதம் மட்டுமே. உண்மையான பட வட்டம், அதாவது லென்ஸ் உள்ளே விழவைக்கும் வட்டமான படம், அதைவிடப் பெரிதாக இருக்கலாம். எவ்வளவு பெரிது என்று அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அளப்பதற்கு நான் எடுத்தது தண்ணீர்க் குழாய். 1 அங்குல ஷெட்யூல் 40 பிவிசி. இதிலும் அதே கூத்து: வெளி விட்டம் 33.4 மி.மீ., உள் விட்டம் 26.6 மி.மீ.; 25.4 எங்கேயும் இல்லை. ஆனால் எனக்கு அதுதான் வசதியாகப் போனது. லென்ஸின் 25.4 மி.மீ. மரை குழாய்க்குள் நழுவி இறங்கும், விளிம்பு குழாயின் வாயில் உட்காரும். சி-மவுன்ட்டின் விளிம்பிலிருந்து சென்சார்வரை 17.526 மி.மீ. ஆகவே குழாய்த் துண்டின் நீளம் 17.5 மி.மீ. இருந்தால் அதன் மறு முனையில் படம் தெளிவாக விழ வேண்டும்.

முதல் துண்டு வீண். ஒரு பக்கம் 17.4, எதிர்ப் பக்கம் 16.9. வட்டத்தில் பாதி தெளிவு, பாதி மங்கல். இரண்டாவது துண்டை 19-இல் அறுத்து, கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை விரித்து, பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை கால் திருப்பு திருப்பித் தேய்த்தேன். முதலில் 120-ஆம் நம்பர் தாள், கடைசி அரை மில்லிமீட்டருக்கு 400. வெர்னியரில் நான்கு இடத்திலும் 17.5 வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அவசரப்பட்டால் மறுபடி சாய்ந்துவிடும், இதில் குறுக்கு வழி கிடையாது.

டிரேசிங் பேப்பரில் 11, 16, 18.4, 21.6 மி.மீ. விட்டத்தில் நான்கு வட்டங்களை காம்பஸில் போட்டு, அதைக் குழாயின் வாயில் ஒட்டினேன். 18.4 என்பது ஜிஎக்ஸ்7-ஐச் சதுரப் படத்தில் வைத்தால் வரும் மூலைவிட்டம். மொட்டைமாடியில் தலைமேல் போர்வையைப் போட்டுக்கொண்டு லென்ஸை வானத்துக்குக் காட்டியபோது, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தலைகீழாக அந்தத் தாளில் வந்து நின்றது. எத்தனையோ ஆயிரம் படம் எடுத்திருக்கிறேன், ஆனால் லென்ஸ் தருவது ஒரு வட்டம்தான் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

விளிம்பைப் படிப்பதுதான் கஷ்டம். முழுத் திறப்பில் வெளிச்சம் சட்டென்று நிற்காமல் தேய்ந்துகொண்டே போகிறது. கண் இருட்டுக்குப் பழகப் பழக வட்டமும் பெரிதாகிக்கொண்டே போவதுபோலத் தோன்றுகிறது. கடைசியில் தாளை செல்போனில் படம் எடுத்து, கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். 16 மி.மீ. லென்ஸுக்கு 12.5. 25 மி.மீ. லென்ஸுக்கு 19. வெறும் 2/3 என்று போட்டிருந்த 50 மி.மீ. 21.6 வட்டத்தைத் தாண்டியும் வெளிச்சமாக இருந்தது! எஃப் 8-க்கு இறக்கினால் 16-இன் விளிம்பு கத்திபோல் கூர்மையாகிறது, வட்டம் பெரிதாகவில்லை. அகலக் கோண லென்ஸில் பொறித்த அளவுக்குமேல் ரொம்ப எதிர்பார்க்கக் கூடாது.

25-ஐ சதுரத்தில் வைத்தால் நான்கு மூலையும் சுத்தம், 11 மெகாபிக்சலுக்கு மேல் கிடைக்கிறது. 16:9-க்கு 19.8 தேவை என்பதால் மூலைகளில் லேசாகக் கருப்பு தட்டுகிறது. முகத்தை நெருங்கி அரை மீட்டரில் எடுத்தால் லென்ஸ் முன்னே நகர்ந்து வட்டமும் 5 சதவீதம் விரிவதால் அதுவும் மறைந்துவிடும். 16-ஐ ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியின் ஹெச்க்யூ கேமராவுக்கு ஒதுக்கிவிட்டேன். அதில் இருப்பது சோனி ஐஎம்எக்ஸ்477 சென்சார், மூலைவிட்டம் 7.9 மி.மீ.தான், வட்டம் தாராளம். விளிம்பிலிருந்து சென்சார்வரை தூரம் 5 மி.மீ. குறைவான சிஎஸ்-மவுன்ட் என்பதால் கூடவே வரும் 5 மி.மீ. வளையத்தைக் கழற்றாமல் போட வேண்டும், அவ்வளவுதான். ஃபுல் ஃபிரேம் (36 x 24 மி.மீ. சென்சார்) கேமராவில் 88 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சி கிடைக்கும். தொட்டிமேல் வந்து உட்காரும் கிளிகளுக்கு அது போதும்.

சரி, அந்த 50. ஜிஎக்ஸ்7-இன் மவுன்ட்டான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் விளிம்பிலிருந்து சென்சார்வரை 19.25 மி.மீ., அதனால் சி-மவுன்ட் அடாப்டர் 1.7 மி.மீ. உள்ளே குழிந்திருக்கும். குழியின் விட்டம் 30.2, என் லென்ஸின் கழுத்து 31. முழுசாகத் திருகாமல் 1 மி.மீ. வெளியே நிற்கிறது. 50 மி.மீ. லென்ஸில் அந்த ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டரை மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாக வராது. லென்ஸைக் கடைந்தால் அலுமினியத் தூள் ஐரிஸுக்குள் (திறப்பைக் கூட்டிக் குறைக்கும் இதழ்கள்) போய்விடும், அதைத் தொட மாட்டேன். சனிக்கிழமை அடாப்டரை மட்டும் அம்பத்தூரில் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்க் குழியை 31.5-க்குக் கடையச் சொல்லப்போகிறேன்.