எட்டு மணி நேர வில்லுப்பாட்டும் 4 ஜிபி எல்லையும்

என் மாமனார் வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர். கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம் பக்கங்களில் கொடை என்கிற கோயில் திருவிழா நடக்கிற அம்மன் கோயில்களிலும் சுடலைமாடன் கோயில்களிலும் முப்பது வருஷத்துக்கு மேலாக ராத்திரி முழுக்க உட்கார்ந்து அடித்திருக்கிறார். ஆனால் தான் அடித்ததை அவர் முழுசாகக் கேட்டதே கிடையாது. யாராவது செல்போனில் பிடித்த ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம் மட்டும்தான். அதிலும் பாட்டுக்காரரின் முகம் இருக்கும். குடம் ஓரத்தில் பாதி தெரியும்.

போன வைகாசியில் அவர்கள் குழு பாடிய முத்தாரம்மன் கோயில் கொடையை ஒரு சேனல் ராத்திரி ஒன்பதரை மணியிலிருந்து விடியும் வரை நேரலையாகப் போடப் போவதாகச் செய்தி வந்தது. கட்டணமில்லாமல் டிஷ்ஷில் கிடைக்கிற சேனல். எங்கள் வீட்டில் இருப்பது இலவசச் சேனல்களைப் பிடிக்கும் சாதாரணப் பெட்டி. பின்பக்கம் பென்டிரைவ் செருகினால் ரெக்கார்ட் செய்யும். அந்த ராத்திரியை அப்படியே எடுத்து மாமா கையில் கொடுத்துவிட வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மாதக் கட்டணம் கட்டும் டிடிஎச், கேபிள் பெட்டிகளில் ரெக்கார்ட் செய்வது பெரும்பாலும் பூட்டப்பட்டே பதிவாகும். அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும், கம்ப்யூட்டரில் திறக்காது. எங்கள் பெட்டி இலவசச் சேனலைச் சிக்னலில் வருகிறபடியே டிஎஸ் ஃபைலாக எழுதும். கீழே சொல்வது எல்லாம் அதனால்தான் நடந்தது.

கொடைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மூணு மணி நேரம் சும்மா ஒரு ரெக்கார்டிங் போட்டுப் பார்த்தேன். அது நல்ல காரியமாகப் போயிற்று. இரண்டு மணி இருபத்துமூணு நிமிஷத்தில் முதல் ஃபைல் முடிந்து, மிச்சம் இரண்டாவது ஃபைலில் இருந்தது. பெட்டி பென்டிரைவை ஃபேட்32 முறையில்தான் ஃபார்மட் செய்கிறது. அந்த முறையில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கணக்காகச் சொன்னால் 4,29,49,67,295 பைட். ஃபைலின் அளவைக் குறித்து வைக்க 32 பிட் இடம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், அதற்கு மேல் எண்ணே கிடையாது. பென்டிரைவ் 32 ஜிபியா 64 ஜிபியா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் பெட்டி எல்லை வந்ததும் அடுத்த ஃபைலைத் தொடங்கிவிடுகிறது. எல்லையில் அப்படியே நின்றுவிடும் பெட்டிகளும் உண்டு. முக்கியமான நாளுக்கு முன்னால் இதைச் சோதித்துக்கொள்ளாமல் இருக்காதீர்கள்.

கொடை முடிந்த காலையில் பென்டிரைவில் நாலு ஃபைல். மூணு முழுசாக நாலு நாலு ஜிபி, கடைசியில் ஒன்று சிறிது. மொத்தம் 13 ஜிபிக்கு மேல். மணிக்கு ஏறக்குறைய 1.7 ஜிபி.

முதலில் செய்தது தப்பு. அளவு பெரிசாக இருக்கிறதே என்று முதல் ஃபைலை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு எம்பி4 ஆக மாற்றினேன். என் பழைய லேப்டாப் மத்தியானம் தொடங்கி ராத்திரி வரைக்கும் சூடாக ஓடியது. 4 ஜிபி, 700 எம்பி ஆயிற்று. படம் மோசமில்லை. ஹெட்போன் மாட்டிக் கேட்டபோதுதான் நெஞ்சு திக்கென்றது. வில்லில் வரிசையாகக் கட்டியிருக்கும் மணிகள் வீசுகோல் படும்போதெல்லாம் சிலீரென்று தெறிக்க வேண்டும். அது தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி குழைந்து கிடந்தது. குடத்தை அடிக்கும்போது கேட்க வேண்டிய வெட்டு இல்லை. சேனல் ஏற்கனவே ஒரு தடவை சுருக்கி அனுப்பிய ஒலியை நான் இன்னொரு தடவை, அதைவிடக் குறைந்த அளவில் சுருக்கியிருக்கிறேன். திடீரென்று தொடங்கி அடங்குகிற ஓசைகள்தான் அதில் முதலில் அடிபடும். வில்லுப்பாட்டில் பாட்டு நீங்கலாக மிச்சமெல்லாமே அந்த மாதிரி ஓசைதான். அந்த எம்பி4-ஐ அழித்தேன். இனி எதையும் மாற்றக் கூடாது, வந்தது வந்தபடி வெட்ட மட்டும் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மார்த்தாண்டத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். கேமராவும் 4 ஜிபிக்கு ஒருமுறை கிளிப்பைத் துண்டாக்கும் என்பதால் இந்தத் தொல்லை அவருக்குப் பழக்கம். போனில் கூப்பிட்டேன். “நாலையும் தனித்தனியாத் திறக்காத டே. ரெண்டாவது ஃபைலு நடுப்படத்திலயாக்கும் தொடங்கும். முதல்ல ஒண்ணாச் சேரு” என்றார்.

அவர் சொன்னது சரி. பெட்டி படத்தைப் பார்த்து ஃபைலைப் பிரிப்பதில்லை, அளவைப் பார்த்துப் பிரிக்கிறது. இரண்டாவது ஃபைலைத் தனியாக ஓட்டினால் ஆரம்பத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள்தான் வரும். பைட்டோடு பைட்டாக ஒட்டினால் ஒட்டுப் போட்ட தடமே இருக்காது. டிஎஸ் என்பது 188 பைட் கொண்ட சின்னச் சின்னப் பொட்டலங்களின் வரிசை. முன்னால் தனித் தலைப்புப் பகுதி எதுவும் இல்லை. அதனால்தான் இதை இப்படி ஒட்ட முடிகிறது. எம்பி4-ஐ இப்படி ஒட்ட முடியாது.

ஒட்டுவதற்கு விண்டோஸிலேயே வழி இருக்கிறது: கமாண்ட் பிராம்ப்டில் காப்பி கட்டளை, நாலு பெயருக்கும் நடுவில் கூட்டல் குறி, கடைசியில் புதுப் பெயர். அடித்தேன். ஒரு நொடியில் முடிந்தது. 13 ஜிபி எப்படி ஒரு நொடியில் முடியும்? பார்த்தால் புது ஃபைல் சில கேபிதான். காப்பி கட்டளைக்குப் பின்னால் சாய்கோடும் பி எழுத்தும் போடாவிட்டால், ஃபைல்களைச் சேர்க்கும்போது எல்லாவற்றையும் எழுத்து ஃபைலாக எண்ணிக்கொள்ளும். உள்ளே 26 என்ற மதிப்புள்ள பைட் வந்தால் ‘இத்தோடு முடிந்தது’ என்று அந்த ஃபைலை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். வீடியோவில் அந்தப் பைட் எங்கே பார்த்தாலும் இருக்கும். சாய்கோடு பி சேர்த்து மறுபடி அடித்தேன். இந்த முறை நாலு ஜிபி வரைக்கும் போய், இடம் போதாது என்று நின்றது. புது ஃபைலை எழுதச் சொன்ன எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் ஃபேட்32! அதிலிருந்த போட்டோக்களை எல்லாம் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்து, மூன்றாவது தடவை அடித்தபோது முழு ராத்திரியும் ஒரே ஃபைலாக வந்தது. எக்ஸ்ஃபேட் ஆனாலும் சரிதான், அதிலும் இந்த 4 ஜிபி எல்லை இல்லை.

வெட்டுவதற்கு ஏவிடெமக்ஸ் எடுத்தேன். இலவசம். இவ்வளவு பெரிய டிஎஸ் ஃபைலைத் திறந்தால் முதலில் உட்கார்ந்து அட்டவணை போடும், கொஞ்சம் பொறுக்க வேண்டும். திறந்த பிறகு மூணு மணி நாற்பத்திரண்டு நிமிஷம் வரைக்கும் ஒழுங்காக ஓடியது. அதற்கு மேல் எங்கே தொட்டாலும் நேரப் பட்டை பின்னால் ஓடிவிடும். விஎல்சியில் போட்டால் மொத்த நேரம் கிறுக்குத்தனமாகக் காட்டியது. ரெக்கார்டிங் அந்த இடத்தில் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம். சாமக்கொடை முடிந்து கதை திரும்பச் சூடுபிடிக்கிற நேரம். இரண்டு நாள் அதைத் தொடவே மனசு வரவில்லை.

காரணம் தெரிந்தபோது ஆறுதலாக இருந்தது. ஒளிபரப்பில் ஒவ்வொரு படத்தோடும் எப்போது காட்ட வேண்டும் என்று ஒரு நேர எண் வருகிறது. நொடிக்கு 90,000 என்று ஏறும் எண். அதற்கு 33 பிட்தான் இடம். ஏறிக்கொண்டே போய் 26 மணி 30 நிமிஷம் ஆனதும் நிரம்பி, மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். சேனல்காரர்களின் கருவி என்றைக்கு ஆன் செய்யப்பட்டதோ அதிலிருந்து ஓடுகிற கணக்கு அது. நம் கடிகாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. டிவியில் பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது. எட்டு மணி நேரம் ரெக்கார்ட் செய்கிறவனுக்கு நடுவில் அது வந்து விழ நல்ல வாய்ப்பு உண்டு. எனக்கு விழுந்தது. ஃபைல் கெடவில்லை, எண் மட்டும்தான் திரும்பியிருக்கிறது.

எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவழிக் கருவியில், படத்தையும் ஒலியையும் மாற்றாமல் அப்படியே பிரதி எடுக்கச் சொல்லி, முழு ஃபைலையும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒருதடவை ஓடவிட்டேன். அது திரும்பல் எண்ணைப் புரிந்துகொண்டு, பூஜ்ஜியத்தில் தொடங்கிப் புதிதாக நேரம் எழுதிக்கொடுத்தது. டிஸ்க் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகம்தான், சில நிமிஷங்களில் முடிந்தது. அதன் பிறகு ஏவிடெமக்ஸில் பட்டை விடியற்காலை வரைக்கும் தடங்கலில்லாமல் போனது. பழைய நாலு ஃபைலும், ஒட்டிய ஒன்றும், எண் திருத்திய ஒன்றும் என்று டிஸ்க்கில் 40 ஜிபி பிடித்தது. வேலை முடிகிற வரை ஒன்றையும் அழிக்கவில்லை.

இனி வெட்டு. மாற்றாமல் வெட்டும்போது நினைத்த இடத்தில் வெட்ட முடியாது. எல்லாப் படமும் முழுப் படம் இல்லை. பெரும்பாலானவை முந்தின படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருக்கும். நடுநடுவே வரும் முழுப் படத்தில்தான் கத்தி வைக்கலாம். என் ரெக்கார்டிங்கில் அது அரை நொடிக்கு ஒருதரம் வந்தது. ஏவிடெமக்ஸில் மேல், கீழ் அம்புக்குறிகளை அழுத்தினால் ஒவ்வொரு முழுப் படமாகத் தாவும். விளம்பரம் தொடங்கும் இடத்தில் ஒரு குறி, முடியும் இடத்தில் ஒரு குறி, டெலீட். அவ்வளவுதான். விளம்பரம் போன நேரத்திலும் கோயிலில் பாட்டு நிற்கவில்லை என்பது பல இடத்தில் தெரிந்தது. திரும்பி வரும்போது கதையில் நாலு அடி தாண்டியிருக்கும். அந்த நாலு அடி எங்கேயும் இல்லை. அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

விளம்பரத்தை நான் வெட்டிவிட்டேன். மற்றதற்கு மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து நொடி சும்மா கிடக்கும் இடங்களை எடுக்கப் போனபோது கையைப் பிடித்தார்.

“மாப்பிள, அத களையாண்டாம். அது சும்மா இருக்கதில்ல. உடுக்கைய இழுத்துக் கெட்டுகாரு, கேட்டியளா? அத வச்சாக்கும் நான் அடுத்த அடி எடுக்கது.”

ஒலியைக் கூட்டிக் கேட்டேன். ஆமாம், உடுக்கையின் கயிறு இழுபடும் மெல்லிய முனகல் இருக்கிறது.

இன்னொரு இடம். மூன்றேகால் மணி வாக்கில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழை ஒரு தட்டுத் தட்டியிருக்கிறது. பதினோரு நொடி படம் முழுக்கக் கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடந்தது. ஒலி மட்டும் இரண்டு மூன்று இடத்தில் டக்கென்று வெட்டி, மற்றபடி தாக்குப்பிடித்திருந்தது. பார்க்கக் கண்றாவியாக இருந்ததால் குறி வைத்துவிட்டேன். மாமா, “நில்லுங்க, திரும்பப் போடுங்க” என்றார். மூணு தடவை போடச் சொன்னார். பிறகு, “பத்தி கிழிஞ்சது இங்கதான்” என்றார். பத்தி என்பது குடத்தின் வாயில் அடிக்கிற மட்டை. கட்டங்களுக்குப் பின்னால் கேட்டால், நான்காவது நொடியில் கும்மென்று இருந்த அடி தட்டையாகிறது. “பத்திய போட்டுட்டு உள்ளங்கையால அடிச்சேன். ஒருத்தருக்கும் தெரியாது. அண்ணாவிக்குக் கூடத் தெரியாது.” அண்ணாவி என்றால் குழுவின் தலைமைப் பாட்டுக்காரர். படம் தெளிகிறபோது மாமாவின் கை வெறுங்கையாக இருக்கிறது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் பக்கத்திலிருந்து வேறு பத்தி வருகிறது. அந்தப் பதினோரு நொடியும் அப்படியே இருக்கிறது.

ஐந்தரை மணி நேரம் மிஞ்சியது, 9 ஜிபி. ஒரே ஃபைலாகக் கொடுக்க முடியாது. மாமா வீட்டு டிவி பழசு, ஃபேட்32 பென்டிரைவைத்தான் படிக்கும்; மறுபடியும் அதே 4 ஜிபி. நடுவில் எங்காவது வெட்டாமல், காப்பு, வருபொருள், கதையின் பகுதிகள், வாழி என்று பாட்டின் போக்கிலேயே ஏழு துண்டாக்கினேன். எதுவும் ஒரு மணி நேரத்தைத் தாண்டவில்லை, எதுவும் 2 ஜிபியை எட்டவில்லை. இதில் இன்னொரு வசதி: வாட்ஸ்அப்பில் 2 ஜிபி வரை டாக்குமெண்டாக அனுப்பலாம், 2022இல்தான் அந்த அளவுக்கு ஏற்றினார்கள். வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், மணி ஓசை திரும்பவும் தண்ணீருக்குள் போய்விடும். கத்தாரில் இருக்கும் மச்சானுக்கு ஏழையும் டாக்குமெண்டாகவே அனுப்பினேன். யூடியூப்பில் போடச் சொல்லி நாலு பேர் கேட்டார்கள். போடவில்லை. ஒளிபரப்பு அந்தச் சேனலுடையது, வீட்டுக்காக எடுத்ததுதான் இது.

மாமா இரண்டு ராத்திரியாக உட்கார்ந்து பார்த்து முடித்தார். மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது.

“மாப்பிள, உடுக்கை அடிக்கவருக்கும் ஒரு பென்டிரைவு வேணுமாம். அவருக்க வீட்டு டிவியும் பழசாக்கும்.”