உயர்தரத்தில் ஊடகக் கற்கை படித்த கதை

யாழ்ப்பாணத்தில் உயர்தரக் கலைப் பிரிவுக்குப் போனபோது தமிழ், புவியியலோடு தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் எடுத்தேன். வீட்டில் யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. “ரேடியோவில வாசிக்கப் போறியோ?” என்று மாமா கேட்டதோடு சரி.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்துக்கென்று ஆசிரியர் கிடையாது. தமிழ் மிஸ்தான் இதையும் சேர்த்துப் படிப்பித்தார். கையில் இருந்தவை ஆசிரியர் வழிகாட்டி, கடந்தகால வினாத்தாள்கள், முன்னே படித்த அக்காமாரின் கொப்பிகள். கொப்பி பார்த்து எழுதின கொப்பிகள் என்பதால் ஷனன், வீவர் என்ற இருவரின் தொடர்பாடல் மாதிரிக்கு, அதாவது ஒரு செய்தி எப்படிப் போய்ச் சேருகிறது என்று காட்டும் படத்துக்கு, ஒன்றில் 1948 என்றிருக்கும், இன்னொன்றில் 1949 என்றிருக்கும். மிஸ் தேடிப் பார்த்துச் சொன்னார்: ஷனனின் கட்டுரை 1948இல் வந்தது, வீவரோடு சேர்ந்த புத்தகம் 1949இல். சண்டை முடிந்தது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த மாதிரியைப் படிப்பித்தாலும், “உங்கட ஊரில இது எங்க நடக்குது எண்டு காட்டுங்கோ” என்பார். ஷனன், வீவருக்கு நான் எங்கள் கோயில் திருவிழாவைச் சொன்னேன். பிள்ளையொன்று காணாமல் போய்விட்டது என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். அறிவிப்பவர்தான் மூலம், ஒலிபெருக்கி செய்தி போகிற வழி, மேளச் சத்தம் இரைச்சல், கூட்டத்தில் நிற்கிற தாய் பெறுநர். எல்லாம் பொருந்தியது. “சரி, அந்தத் தாய் கேட்டுட்டு என்ன செய்வா?” என்றார் மிஸ். அறிவிக்கிற இடத்துக்கு ஓடி வருவா. “அந்த ஓட்டத்துக்கு உங்கட படத்தில அம்புக்குறி எங்க?” இல்லை. பெறுநரின் பதில் திரும்பி வருகிற பின்னூட்டல் இல்லை என்பதுதான் அந்த மாதிரியின் மேல் வைக்கப்படுகிற முக்கியமான விமர்சனம்; அந்தப் பதிலையும் சேர்த்துக் காட்டுகிற ஷ்ராமின் வட்ட மாதிரி எதற்கு வந்தது என்பதும் அங்கேயே விளங்கிவிட்டது. பிறகு அதை நான் மனனம் செய்ய வேண்டி வரவில்லை.

எந்தச் செய்தியை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று ஊடகத்தில் ஒருவர் தீர்மானிக்கிறார் என்கிற வாயிற்காப்போன் கோட்பாடும் அப்படித்தான். டேவிட் மானிங் வைட் 1950இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பத்திரிகை ஒன்றின் செய்தி ஆசிரியர் தனக்கு வந்த தந்திச் செய்திகளில் பத்தில் ஒன்பது பங்கை ஒதுக்கிவிடுகிறார். அதைப் படித்ததும் மிஸ் ஒரே நாளில் வந்த இரண்டு பத்திரிகைகளைக் கொண்டுவரச் சொன்னார், ஒன்று இங்கே அச்சாவது, மற்றது கொழும்பில். அடிமட்டம் வைத்து அளந்தோம். எங்கள் கரையோர மீனவர் போராட்டம் ஒரு பத்திரிகையில் முன்பக்கம் முழு அகலத்துக்கு. மற்றதில் உள்ளே, மூன்று விரல் உயரம். அப்புறம் மரண அறிவித்தல்களையும் அளக்கச் சொன்னார். அது செய்தியா, விளம்பரமா? காசு கொடுத்துப் போடுவதால் விளம்பரம் என்று பாதி வகுப்பு. எங்கள் வீட்டில் எல்லாரும் முதலில் திறக்கிற பக்கமே அதுதானே என்று நாங்கள். மணி அடித்தும் முடியவில்லை.

வரலாற்றுப் பகுதி எனக்கு அலுப்பு. உதயதாரகைப் பத்திரிகை 1841, கொழும்பு வானொலி 1925, ரூபவாஹினித் தொலைக்காட்சி 1982 என்று வருடங்களின் வரிசை. யாழ்ப்பாணத்து ஈழநாடு பத்திரிகை மட்டும் விதிவிலக்கு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த அதே நாட்களில் அந்தப் பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது என்பதை அப்பப்பா வாயால் கேட்டவளுக்கு அந்த வருடம் எப்படி மறக்கும்?

பரீட்சையில் முதல் வினாத்தாளின் பல்தேர்வில் வருடங்கள் தெரியாமல் தப்ப முடியாது. இரண்டாவதில் கட்டுரைகள். கோட்பாட்டை எழுதி, ஆளின் பெயரை எழுதி, அதோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். நான் ஒவ்வொன்றுக்கும் கோயில் ஒலிபெருக்கி போல ஒரு உதாரணத்தை வைத்தேன். யார், என்ன, எந்த வழியால், யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார் என்கிற லாஸ்வெல்லின் ஐந்து கேள்விகளுக்கும் அந்த மீனவர் செய்திதான்.

பெறுபேறு வந்தது. ஊடகத்துக்கு ஏ, புவியியலுக்கு பி. லேசான பாடம் எடுத்து ஏ எடுத்துவிட்டேன் என்று ஊரில் பேச்சு. ஆனால் பல்கலைக்கழகம் பார்ப்பது இசட் புள்ளியை: அந்தப் பாடம் எழுதிய எல்லாருடைய சராசரியிலிருந்து நாம் எவ்வளவு மேலே நிற்கிறோம் என்பதை. நிறையப் பேர் நன்றாகச் செய்கிற பாடத்தில் ஏ எடுத்தாலும் உயரம் கொஞ்சம்தான். லேசு என்று நினைத்து இதை எடுக்க நிற்கிற தங்கச்சிமாருக்கு இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டுக் காட்டுகிறேன். அதன் பிறகும் எடுப்பேன் என்கிறவளுக்கு என் கொப்பி.