இருட்டறைக்குப் போக முடியாதவர்களின் ஒற்றைத் தலைவலி

ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரை, வெளிச்சமும் சத்தமும் இல்லாத அறையில் படுத்துத் தூங்க வேண்டும் என்பது. கல்லூரி நாள்களிலும் வேலைக்குப் போன ஆண்டுகளிலும் எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் இரண்டு வயதை நெருங்கும் குழந்தை வீட்டுக்குள் ஓடித் திரிந்துகொண்டிருக்கையில், கணவர் தொழிற்சாலையில் பகல் ஷிப்டில் இருக்கையில், அம்மாவும் மாமியாரும் வெவ்வேறு ஊர்களில் இருக்கையில், கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் படுப்பது நடக்கிற காரியம் இல்லை. குழந்தை பிறந்த பிறகு எனக்குக் கிடைத்த நிவாரணம் முழுவதும், அந்த இருட்டறை இல்லாமலேயே வலியை எப்படிச் சமாளிப்பது என்று யோசித்ததிலிருந்து வந்ததுதான். வலி முற்றிய பிறகு செய்பவற்றைவிட, அது வருவதற்கு முந்தைய ஓரிரு மணி நேரத்தில் செய்பவையே எனக்கு உதவின. மருந்துகளைப் பற்றி இங்கே எழுதுபவை என் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. அளவையும் பொருத்தத்தையும் அவரவர் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கர்ப்ப காலத்தின் பிற்பகுதியில் எனக்குத் தலைவலி ஏறக்குறைய மறந்தே போயிருந்தது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் அளவு உயர்ந்து நிலையாக இருப்பதால் பல பெண்களுக்கு அந்த மாதங்களில் ஒற்றைத் தலைவலி குறைகிறது. பிரசவத்துக்குப் பிறகு சில நாள்களிலேயே அந்த அளவு சரிந்துவிடுகிறது. அதே வாரத்தில்தான் இரவுத் தூக்கம் துண்டு துண்டாகிறது, சாப்பாட்டு நேரம் குழந்தையின் கைக்குப் போகிறது. இவற்றுடன் நம் வீடுகளில் பத்தியமும் சேர்ந்துகொள்கிறது. பிரசவித்தவள் நிறையத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொல்லி, தாகமெடுத்தாலும் அரை டம்ளர் வெந்நீரோடு நிறுத்திவிடும் வழக்கம் இன்றும் பல குடும்பங்களில் இருக்கிறது. பால் கொடுக்கும் உடலுக்குத் தண்ணீரைக் குறைப்பது ஒற்றைத் தலைவலியை வரவழைக்கக்கூடிய காரியம். குழந்தையைக் குளிப்பாட்டியதும் அறை நிறைய சாம்பிராணிப் புகை போடுவதும் அப்படித்தான். குழந்தையின் மூச்சுக்குழாய்க்கும் அந்தப் புகை நல்லதில்லை என்று குழந்தைநல மருத்துவர் சொன்ன பிறகே அது எங்கள் வீட்டில் நின்றது. என் தலைவலிக்காக நிறுத்தச் சொன்னபோது யாரும் பொருட்படுத்தவில்லை என்பதையும் குறித்துவைக்கிறேன்.

பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு வாரங்களில் வரும் கடுமையான தலைவலியை, எனக்கு ஏற்கெனவே ஒற்றைத் தலைவலி உண்டு, இதுவும் அதுதான் என்று யாரும் தாமாகவே முடிவு செய்துவிடக் கூடாது. மூளையின் சிரைகளில் ரத்தம் உறைவது, பிரசவத்துக்குப் பிறகும் வரக்கூடிய உயர் ரத்த அழுத்தம், முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டதால் எழுந்து உட்கார்ந்ததும் கூடிப் படுத்ததும் குறையும் வலி ஆகிய மூன்றும் அந்தக் காலத்தில் வரக்கூடியவை. சில நொடிகளில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு வரும் வலி, வலிப்பு, பேச்சுக் குழறுதல், கை கால் ஒரு பக்கம் பலமிழத்தல், பார்வை மங்குதல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி என் அன்றாடத்துக்கு வருகிறேன். ஒற்றைத் தலைவலி திடீரென்று வருவதாகத் தோன்றினாலும், பலருக்கு அதற்குச் சில மணி நேரம் முன்னதாகவே, சிலருக்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்னதாகவேகூட, உடல் சொல்லத் தொடங்கிவிடுகிறது. எனக்குத் தூக்கம் வராமலே கொட்டாவி வரும், பிடரி இறுகும், இனிப்பு வேண்டும் என்று நாக்கு கேட்கும், குழந்தை பருப்புச் சோற்றைத் துப்பினால் வழக்கத்துக்கு மாறாகக் கோபம் வரும். கொட்டாவியையும் கோபத்தையும் குழந்தை வளர்ப்பின் களைப்பு என்று எண்ணிவிடுவது எளிது. அதனால் நாட்காட்டியில் வலி வந்த நாள்களை மட்டுமல்லாமல், அதற்கு முந்தைய நாள் எப்படி இருந்தேன் என்பதையும் இரண்டே சொற்களில் எழுதிவைக்கத் தொடங்கினேன். சில மாதங்களில் வரிசை தெளிவாகத் தெரிந்தது. பிடரி இறுக்கமும் கொட்டாவியும் சேர்ந்து வந்தால் வலி வராமல் போனதே இல்லை.

அந்த அறிகுறிகள் தெரிந்ததும் முதலில் தண்ணீர் குடித்து, எதையாவது சாப்பிட்டுவிடுவேன். குழந்தைக்கு ஊட்டி முடித்த பிறகு சாப்பிடலாம் என்று தள்ளிப்போடுவதை அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டு, அவளுக்குப் பிசைந்த தயிர் சோற்றிலேயே நானும் ஒரு பங்கு எடுத்துக்கொள்வேன். தலைவலி லேசாகத் தொடங்கியதுமே மாத்திரையைப் போட்டுவிடுவேன். 'தாங்க முடியாவிட்டால் போடலாம்' என்று காத்திருக்கும் பழக்கம் நம் பெண்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. ஒற்றைத் தலைவலியைப் பொறுத்தவரை அந்தப் பொறுமையால் நட்டமே மிஞ்சும். வலி முற்றும்போது இரைப்பையின் இயக்கம் மந்தமாகிவிடுவதால் விழுங்கிய மாத்திரை உடலில் சேர நேரமாகிறது. குமட்டலும் வாந்தியும் தொடங்கிவிட்டால் மாத்திரை வயிற்றில் தங்குவதே சந்தேகம். இதனால்தான் வாந்தியைத் தடுக்கும் மாத்திரையையும் சேர்த்து மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். சிகிச்சையில்லாமல் விட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம்வரை நீடிக்கக்கூடிய வலி, நேரத்தோடு கவனித்த நாள்களில் எனக்கு மதியத்துக்குள் அடங்கியிருக்கிறது.

தாய்ப்பால் கொடுக்கும்போது எந்த மருந்தும் கூடாது என்ற நம்பிக்கையால் பல தாய்மார்கள் வெறும் தைலத்தோடு காலத்தைத் தள்ளுகிறார்கள். உண்மையில் பாராசிட்டமால், இபுபுரூஃபன் ஆகிய இரண்டும் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே சேர்கின்றன. தாய்மார்களுக்கு முதல் தேர்வாகக் கொடுக்கப்படுபவை அவையே. அவற்றுக்கு அடங்காத வலிக்கு உரிய சுமாட்ரிப்டானும் பாலில் சிறிதளவே கலப்பதால், பால் கொடுப்பதை நிறுத்தாமலே அதைப் பயன்படுத்த மருத்துவர்கள் அனுமதிக்கிறார்கள். இதய நோயும் கட்டுப்படாத ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு அது கூடாது. தவிர்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன. வலி போக்கும் அளவில் ஆஸ்பிரின் வேண்டாம். மருந்துக் கடையில் 'மைக்ரேன் மாத்திரை' என்று கேட்டால் சீட்டில்லாமலே எடுத்து நீட்டும் கூட்டு மாத்திரைகளில் எர்கோட்டமைன் இருப்பதுண்டு. அது பால் சுரப்பைக் குறைக்கும், பாலின் வழியே குழந்தையையும் பாதிக்கும். அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் அதை வாங்கக் கூடாது.

அடிக்கடி போடுவதற்கும் ஓர் எல்லை உண்டு. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ, சுமாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகை மருந்துகள், எர்கோட்டமைன், கூட்டு மாத்திரைகளை 10 நாள்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தினால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். நாட்காட்டியில் மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு புள்ளி வைப்பது இதற்காகவும்தான். அந்தப் புள்ளிகள் நெருங்கத் தொடங்கியபோதுதான் என் நரம்பியல் மருத்துவர், வலி வராமல் தடுக்கத் தினமும் போடும் மருந்துக்கு மாறலாம் என்றார். ஆஸ்துமா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குறைந்த அளவில் புரோப்ரனலால் தொடங்கினார். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் முதல் மாதத்திலேயே நம்பிக்கை இழக்கவில்லை. இவ்வகை மாத்திரைகளில் ஓரிரண்டைக் குழந்தை விழுங்கினாலும் ஆபத்து. தலையணைக்கு அடியிலும் கைப்பையிலும் மாத்திரை அட்டையை வைக்கும் வழக்கத்தை விட்டு, பூட்டுள்ள மேல் அலமாரிக்கு எல்லாவற்றையும் மாற்றினோம்.

வலி தொடங்குமுன் கண்முன்னே மின்னும் வளைகோடுகள் தெரிபவர்கள், அதாவது ஆராவோடு கூடிய ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போட ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையைப் பயன்படுத்தக் கூடாது. பக்கவாதத்துக்கான வாய்ப்பு கூடுகிறது. காப்பர் டி போன்ற வேறு வழிகள் இருக்கின்றன. கருத்தடை பற்றிப் பேசும் மருத்துவர் தலைவலியைப் பற்றிக் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்.

இத்தனை செய்தும் சில நாள்கள் வலி வந்தே தீரும். அந்த நாளுக்காக ஒரு அறையைக் குழந்தைக்கு ஏற்றபடி மாற்றிவைத்திருக்கிறோம். கட்டிலை அப்புறப்படுத்திவிட்டுத் தரையில் மெத்தை விரித்தோம், மின்சாரச் செருகிகளை மூடினோம், அலமாரியைச் சுவரோடு இறுக்கினோம், டியூப் லைட்டுக்குப் பதில் மங்கலான விளக்குப் போட்டோம். கதவை உள்ளே தாழிட்டு, கதவுக்கும் குழந்தைக்கும் நடுவில் நான் படுத்துக்கொள்வேன். தூங்க மாட்டேன், ஆனால் தலை நிமிராமல் ஒரு மணி நேரம் இருக்க முடியும். அந்த நாள்களில் மட்டும் வெளியே எடுக்கும் பொம்மைப் பெட்டி ஒன்று இருக்கிறது. சத்தம் வராத மரக்கட்டைகள், துணிப் புத்தகங்கள், காலி டப்பாக்கள். பொத்தானை அழுத்தினால் பாடும் பொம்மைகளுக்கு அதில் இடமில்லை. எப்போதாவது எடுப்பதால் அவளுக்கு அவை புதிதாகவே இருக்கின்றன. அதுவும் போதாத நாளில் சத்தத்தை நிறுத்திவிட்டு கைபேசியில் படம் காட்டுவேன். குழந்தைகளுக்குத் திரை கூடாது என்று பேசுபவர்கள், ஒரு கையால் வாளியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தபடி பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பிறகு வந்து பேசட்டும்.

எதிர்வீட்டு அக்காவிடம் உதவி கேட்பதற்கு எனக்கு நெடுநாள் தயக்கம் இருந்தது. இப்போது அது ஓர் ஏற்பாடாகவே ஆகிவிட்டது. 'அக்கா, இன்னைக்குத் தலை' என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும். மாலை நான்கு மணிக்கு வந்து குழந்தையை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய்விடுவார். அவர் மகனின் கணக்குப் பாடத்தை நான் வேறு நாள்களில் பார்த்துத் தருகிறேன். என் கணவரிடமும் நாட்காட்டி வேலை செய்தது. வாயால் சொன்னபோது 'உனக்கு எப்பவும் இருக்கிறதுதானே' என்றவர், சிவப்பு மையில் வட்டமிட்ட வாரங்களைப் பார்த்த பிறகு, மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் இரவில் குழந்தையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார். அந்த நாள்களிலும் ஈஸ்ட்ரோஜன் சரிவதால் எனக்கு வலி வருவது ஏறக்குறைய உறுதி. உடைபடாத ஐந்து மணி நேரத் தூக்கம் அதன் கடுமையைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

கை வைத்தியத்தை நான் ஒதுக்குவதில்லை. இஞ்சிச் சாறு குமட்டலுக்கு நல்லது; நெற்றியில் குளிர்ந்த துணி இதமாக இருக்கிறது. ஆனால் கற்பூரமும் மெந்தாலும் சேர்ந்த தைலத்தைப் பூசிக்கொண்டு குழந்தையை மடியில் கிடத்தக் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூரம் கலந்த பூச்சுகள் ஆகாதவை. நம் நெற்றியில் இருப்பது அவர்கள் கைக்கும் அங்கிருந்து வாய்க்கும் போக அதிக நேரம் ஆகாது. தலைக்குக் குளித்தால் தலைவலி வரும் என்பதை முன்பு பாட்டிக் கதை என்றே நினைத்திருந்தேன். மும்பையைச் சேர்ந்த தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர், 94 இந்திய நோயாளிகளிடம் இதைக் கவனித்து 2006 இல் ஓர் ஆய்விதழில் எழுதியிருக்கிறார். நீண்ட கூந்தலை ஈரத்தோடு முடிந்துகொண்டு குழந்தையின் பின்னால் ஓடுபவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. நான் கூந்தலைத் தோளளவுக்கு வெட்டிக்கொண்டு, எண்ணெய்க் குளியலைக் கணவர் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன். காபியை விடவில்லை, காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று, நேரம் தவறாமல். ஒரு நாள் நான்கும் மறுநாள் ஒன்றுமில்லாததுமாக இருந்தால் காபி நின்ற ஏக்கமே தலைவலியாகிவிடும்.

பச்சை விளக்கு வலிக்கு உதவுமா என்று சிலர் கேட்கிறார்கள். தலைவலி ஆய்வாளர் ரமி பர்ஸ்டீனும் அவருடைய குழுவினரும் 2016 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குறிப்பிட்ட அலைநீளப் பச்சை ஒளி மற்ற நிறங்களைவிடக் குறைவாகவே வலியைக் கூட்டுகிறது என்று தெரிந்தது. கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பச்சை பல்புகள் அந்த ஒளியைத் தந்துவிடாது. அந்தப் பணத்துக்கு நல்ல கனமான ஜன்னல் திரை வாங்கலாம்.

என் மகள் பிறந்த முதல் மூன்று மாதங்களில் மாலை ஆனால் காரணம் தெரியாமல் மணிக்கணக்கில் அழுதாள். ஓமத் தண்ணீரும் உரை மருந்தும் கொடுக்கச் சொல்லாதவர்கள் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி கெல்ஃபண்ட் 2012 இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னர்தான் படித்தேன். ஒற்றைத் தலைவலி உள்ள தாய்மாரின் கைக்குழந்தைகளில் 29 சதவீதம் பேருக்கு இத்தகைய ஓயாத அழுகை இருந்தது. மற்றவர்களின் குழந்தைகளில் அது 11 சதவீதமே. அந்த அழுகை, பிற்காலத்து ஒற்றைத் தலைவலியின் ஆரம்ப வடிவமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இப்போது அவளுக்குப் பேருந்தில் ஏறினால் வாந்தி வருகிறது; அதுவும் ஒற்றைத் தலைவலியோடு தொடர்புடையதாகக் கருதப்படுவதுதான். சிறு பிள்ளைகளுக்கு இந்த நோய் தலையில் ஒரு பக்கம் மட்டும் வராமல் நெற்றி முழுவதும் வலிக்கலாம், வயிற்று வலியாகவும் வரலாம், பெரியவர்களைவிடச் சீக்கிரம் அடங்கியும் விடலாம் என்பதால், பொய் சொல்கிறாள் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. அவளுடைய குழந்தைநல மருத்துவரின் கோப்பில் குடும்ப வரலாறு என்ற இடத்தில் என் தலைவலியையும் எழுதவைத்துவிட்டேன். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியரிடமும் சொல்லுவேன்.